நின்ற இடத்தில் ஓடிய தூரம்

கதவு இடுக்கில் கெஸ்கில் ஒட்டிவிட்ட சீட்டு:
"அடுத்து, பத்தாயிரம் கிலோமீட்டர்
அல்லது ஒரு வருடம்."
எழுதியது அக்டோபரில், லேனா உறைவதற்கு முன்.
இன்று பிப்ரவரி பதினேழு.
ஓடியிருப்பது மூவாயிரத்து நூற்றுப் பத்து.

யாகூத்ஸ்கில் இந்த மாதம்
வெட்டவெளியில் யாரும் வண்டியை அணைப்பதில்லை.
மைனஸ் நாற்பத்தெட்டில் அணைத்தால்
அது கல்.
வசந்தம் வந்துதான் எழுப்ப வேண்டும்.
இரவுப் பணிக்கு இறங்கும்போது
பானெட்டுக்குக் கம்பளி போர்த்தி
எஞ்சினை அப்படியே விட்டுவிடுவேன்.
எட்டு மணி நேரம்
ஆளில்லாத வண்டி
தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு நிற்கும்.

தம்பி அய்தால் வண்டியில் பாதிக்குச் சொந்தக்காரன்,
செலவென்றால் கால்வாசிக்கு.
"ஓடாத வண்டிக்கு எதுக்கு எண்ணெய்?
அதுவும் சிந்தெடிக். டப்பா விலை தெரியுமா துயாரா?
பத்தாயிரம் தாங்கும்னு புத்தகத்திலேயே போட்டிருக்கு."
புத்தகம் ஜப்பானிய மொழியில்.
அதில் எண்கள் மட்டும்தான் அவனுக்குப் படிக்க வரும்.

அளவுக் கம்பியை உருவிப் பார்த்தேன்.
குறையவில்லை,
ஏறியிருந்தது.
மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை.
"பாத்தியா, ஒரு சொட்டுகூடக் குடிக்கலை" என்றான்.
எனக்கு அந்தச் சந்தோஷம் வரவில்லை.
ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடம்.
கூடக்கூடாதது கூடினால்
அதற்கு ஒரு பெயர் இருக்கும்.

வடிதாளில் ஒரு சொட்டு விட்டு
மேசை ஓரத்தில் வைத்தேன்.
ஊராரின் ரத்தத்தைப் பார்த்து முடித்து
விடியலில் திரும்பினால்
நடுவே கரிப்பொட்டு,
சுற்றிலும் பழுப்பு,
அதற்கும் வெளியே வெளுத்து அகன்ற ஒரு வளையம்.
மூக்கருகே கொண்டுபோனேன்.
பெட்ரோல்.

கெஸ்கில் தாளைப் பார்த்துச் சிரிக்கவில்லை.
"ராத்திரிக்கு எத்தனை மணி?"
எட்டு.
"வாரத்துக்கு?"
ஐந்து.
காலண்டரில் கறுத்த விரலால் வாரங்களை எண்ணினான்,
பதினாறு.
"சும்மா நிக்கிற ஒரு மணிய
நாப்பது கிலோமீட்டர்னு வைப்பேன்.
என் கணக்குதான், எவனும் அச்சடிச்சுத் தரலை."
பென்சிலால் சுவரிலேயே பெருக்கினான்.
இருபத்தைந்தாயிரத்து அறுநூறு.

அதாவது
நான் மாஸ்கோ போய்
திரும்பி வந்து
மறுபடியும் மாஸ்கோ போயிருக்கிறேன்,
ஆஸ்பத்திரிப் பின்வாசலை விட்டு அசையாமல்.

மீட்டர் பொய் சொல்லவில்லை.
அது சக்கரத்தின் ஆள்,
சக்கரத்தைத்தான் சொல்லும்.

அடியில் போல்ட்டைக் கழற்றியதும்
கரிய நீராக விழுந்தது, கொழகொழப்பே இல்லாமல்.
சிந்தெடிக்கைக் குறை சொல்லாதே என்றான்.
இந்தக் குளிரில் மற்றதெல்லாம் மெழுகு;
இது ஒன்றுதான் எழுந்து ஓடும்.
ஆனால் எரியாத பெட்ரோலையும்
சேர்த்துச் சுமக்கச் சொன்னால்
அது என்ன செய்யும்?

"சரி, எப்பதான் மாத்தறது?"

"கோடையில புத்தகத்தைக் கேளு.
குளிர்ல ஆத்தைக் கேளு.
உறையுறதுக்கு முன்னால ஒண்ணு,
உடைஞ்சதும் ஒண்ணு."

"நடுவுல?"

"நடுவுலதான் நீ தாளோட வந்துடுவியே."

புதுச் சீட்டில் அச்சாகியிருந்த
கிலோமீட்டரை அடித்துவிட்டு
"மணி" என்று எழுதினான்.
இருநூற்றைம்பது.
பங்குப் பணம் அனுப்பச் சொல்லி
அய்தாலுக்குச் செய்தி போட்டேன்.
ஒரு கேள்விக்குறி வந்தது,
பணம் வரவில்லை.

இரவு மூன்று மணி.
மாடி ஜன்னலில் நகத்தால் பனியைச் சுரண்டி
கீழே பார்க்கிறேன்.
புகைமூட்டத்துக்குள் நாற்பது வண்டிகள்,
விளக்கில்லாமல்,
எல்லாம் எங்கோ போய்க்கொண்டிருக்கின்றன.
பதினொன்றுக்குக் கிளம்பிய என்னுடையது
கெஸ்கில் கணக்கில்
நூற்றறுபதாவது கிலோமீட்டரில்.

சென்ட்ரிஃப்யூஜ் நின்றுவிட்டது.
குழாய்களை எடுக்கவேண்டும்.